கொழும்பு வீட்டில் பிரிட்ஜ்: பாதுகாப்பாகப் பாவிக்கவும் பழுதைக் கண்டுபிடிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

"அக்கா, காஸ் முடிஞ்சு போச்சு. நிரப்பினாச் சரி வரும்."

பிரிட்ஜ் குளிரவில்லை என்று ஆளைக் கூப்பிட்டால் கொழும்பில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. பின்பக்கம் கையை வைத்துத் தடவிப் பார்த்து ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஆனால் பிரிட்ஜுக்குள் இருக்கும் காஸ், அடுப்புக் காஸ் போல எரிந்து தீர்கிற பொருள் அல்ல. முழுக்க மூடி ஒட்டப்பட்ட குழாய்களுக்குள் அதே காஸ்தான் வருடக் கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். இன்றைய வீட்டு பிரிட்ஜ்கள் பலவற்றில் அதன் அளவு 100 கிராமுக்கும் குறைவு. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் காஸ் மட்டும் நிரப்பினால் போட்ட காஸும் அதே வழியால் போகும், காசும் கூடவே போகும்.

உண்மையில் "குளிருதில்லை" என்ற முறைப்பாடுகளில் பல, காஸ் வரைக்கும் போகத் தேவையில்லாதவை. கதவு ரப்பர், காற்றோட்டம், தூசி, உள்ளே இறுகிய ஐஸ், கரண்ட் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் பெரும்பாலும் வழியிலேயே காரணம் பிடிபட்டுவிடும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன். அதற்கு முன், பழுது வராமல் பாவிக்கும் முறை.

எங்கே வைப்பது

உள்ளே இருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளுவதுதான் பிரிட்ஜின் வேலை. வெளியே தள்ளிய சூடு போக இடம் வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடி வீடுகளில் குசினி சின்னது. பிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி, பக்கத்தில் அலுமாரி, மேலே அரிசி வாளி என்று அடைத்து வைத்திருப்பார்கள். பின்னால் 10 சென்ரிமீற்றரும், பக்கங்களில் ஒரு கை நுழையும் அளவும், மேலே அதைவிடக் கூடுதலாகவும் இடம் விடுங்கள். உங்கள் மாதிரிக்கான கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதன்படி செய்யுங்கள். காஸ் அடுப்புக்குப் பக்கத்திலும், பின்னேர வெயில் விழும் மேற்கு யன்னலுக்கு முன்னாலும் வேண்டாம்.

இரண்டு பக்கச் சுவர்களும் சுடுகிறதே என்று பயப்படுவோர் பலர். புதிய மாதிரிகள் பலவற்றில் சூட்டை வெளியேற்றும் குழாய் பின்பக்கம் தெரியாது. பக்கத் தகட்டுக்குள்ளேயே பதித்திருப்பார்கள். அதனால் பக்கம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். இரண்டு கதவுகளுக்கு நடுவே உள்ள சட்டமும் அப்படித்தான்; அங்கே தண்ணீர் வியர்க்கக் கூடாது என்பதற்காகப் பல மாதிரிகளில் வேண்டுமென்றே சூட்டுக் குழாயை அந்த வழியால் விட்டிருக்கிறார்கள்.

மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கடற்காற்றில் வரும் உப்பு பின்பக்கக் குழாய், திருகாணி, கம்ப்ரசர் (காஸை அழுத்திச் சுற்ற வைக்கும் மோட்டார்) அடித்தட்டு எல்லாவற்றையும் தின்னும். காஸ் ஒழுகும் ஓட்டைகளுக்கு இந்தத் துருவும் ஒரு காரணம். கடலைப் பார்த்த பல்கனிக் கதவுக்கு நேரே பிரிட்ஜை வைக்காதீர்கள். சில மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியாலும் துடையுங்கள்.

வீடு மாறும்போது லிப்டுக்குள் நிமிர்ந்து போகாத பிரிட்ஜைப் படுக்க வைத்துத் தூக்கினால், கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும். கொண்டுவந்து நிமிர்த்தியதும் போடாமல், குறைந்தது நான்கு மணித்தியாலம் விடுங்கள். நெடுநேரம் படுத்திருந்தால் ஒரு இரவு விடுவது நல்லது. முன் கால்களைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். பாதி திறந்த கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

கரண்ட் விஷயம்

பிரிட்ஜுக்குத் தனியாக ஒரு பிளக் பேஸ் வேண்டும். ஒரே எக்ஸ்ரென்ஷன் வயரில் பிரிட்ஜ், கேத்தில், ரைஸ் குக்கர் மூன்றையும் செருகுவது தீ விபத்துக்கு அழைப்பு. பழைய வீடுகளில் உருண்டை முள் பேஸ்கள் இன்னும் உண்டு. பிரிட்ஜோடு வருவது 13 ஆம்பியர் சதுர முள் பிளக் என்றால் நடுவில் அடப்டர் ஒன்றைச் சொருகிச் சமாளிக்காதீர்கள். மலிவான அடப்டர்களில் ஏர்த் இணைப்பு ஒழுங்காக இருக்காது, முள்ளும் தளர்ந்திருக்கும். தளர்ந்த இடம் சூடாகிக் கருகும். எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பேஸையே மாற்றுவதுதான் சரி.

கதவுப் பிடியைத் தொடும்போது விரலில் சுர்ரென்று கரண்ட் அடிக்கிறதா? செருப்புப் போட்டுக்கொண்டு திறப்பது வைத்தியம் அல்ல. உடனே சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஏர்த் அறுந்திருக்கலாம், உள்ளே வயர் தகட்டில் முட்டிக்கொண்டிருக்கலாம். கரண்ட் ஒழுகினால் தானாகத் துண்டிக்கும் வீட்டு ட்ரிப் சுவிட்சில் சோதனைக்கென்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அந்த ட்ரிப் சுவிட்ச் சும்மா அலங்காரத்துக்குத்தான் இருக்கிறது.

இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது வந்து போய் வந்து போய் விளையாடும் நேரம்தான் கம்ப்ரசருக்கு ஆபத்து. ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் நின்றதும் குழாயின் ஒரு பக்கம் அழுத்தம் கூடியபடி இருக்கும். இரண்டு பக்கமும் சமப்பட மூன்று முதல் ஐந்து நிமிடம் பிடிக்கும். அதற்கு முன் கரண்ட் வந்தால் மோட்டார் சுற்ற முடியாமல் திணறும், சூடேறும். ஆகவே கரண்ட் போனதும் பிரிட்ஜ் சுவிட்சை நிறுத்துங்கள்; வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரத்துக்கு, வோல்ட் கூடினாலும் குறைந்தாலும் துண்டித்து, திரும்ப வந்ததும் சில நிமிடம் தாமதித்து இணைக்கும் வோல்டேஜ் காட் ஒன்று வாங்குங்கள். இன்வெர்ட்டர் பிரிட்ஜுக்கு, அதாவது கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றி ஓட்டும் மாதிரிக்கு, அது தேவையில்லை என்று கடையில் சொல்லக்கூடும். அந்த மாதிரிகளில் கம்ப்ரசரை ஓட்டும் எலெக்ட்ரோனிக் போர்ட்தான் விலை கூடியது. வோல்ட் ஏறும்போது முதலில் போவதும் பெரும்பாலும் அதுதான். நான் என்றால் காட் போடுவேன்.

குளிர் எவ்வளவு

கீழ்ப்பெட்டி 4 பாகை செல்சியஸ் அல்லது கொஞ்சம் குறைவு. பிரீசர் மைனஸ் 18. இதுதான் இலக்கு. டயலில் உள்ள 1, 2, 3 என்ற எண்கள் பாகை அல்ல. பெரிய எண் என்றால் கூடுதல் குளிர், அவ்வளவுதான். டயலை நம்பாமல் அளந்து பாருங்கள். ஒரு கிளாஸ் தண்ணீரை நடுத்தட்டில் வைத்து, அதற்குள் பிரிட்ஜ் தேர்மோமீற்றரைப் போட்டு, ஓர் இரவு விட்டுக் காலையில் கதவைத் திறந்ததும் வாசியுங்கள். 6, 7 என்று காட்டினால் டயலை ஒரு படி கூட்டி, அடுத்த நாளும் பாருங்கள்.

கொழும்பில் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே வெக்கை என்பதால், ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் அடிக்கடி தொடத் தேவையில்லை. மேலே பிரீசர் உள்ள நோ-பிரொஸ்ட் (ஐஸைத் தானாக உருக்கும்) மாதிரிகள் பலவற்றில் இரண்டு டயல் இருக்கும். அதில் ஒன்று குளிர்க்காற்றைப் பங்கு பிரிக்கும் கதவு மட்டுமே. பிரீசர் டயலைக் கடைசி வரைக்கும் திருப்பினால் காற்றெல்லாம் மேலேயே போய், கீழே மரக்கறி வாடும். "பிரீசர் கல்லு மாதிரி இருக்கு, கீழ பால் திரையுது" என்றால் முதலில் இந்த டயலை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

சாப்பாட்டை வைக்கும் முறை

சமைத்தது மேலே, பச்சை மீனும் இறைச்சியும் மூடிய பெட்டியில் அடித்தட்டில். மீன் தண்ணீர் ஒரு சொட்டு பழத்தில் விழுந்தாலும் வயிற்றுக்கு வேலை வைக்கும். பின்சுவரில் காற்று வரும் துவாரங்களைச் சட்டியால் அடைக்காதீர்கள். கதவுத் தட்டுத்தான் பிரிட்ஜிலேயே வெப்பம் கூடிய இடம். சோஸ், ஊறுகாய், ஜாம் அங்கே போகட்டும், பால் உள்ளே போகட்டும்.

மீனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சூரை இனங்கள், அதாவது சந்தையில் கெலவல்லா, பலயா என்று கேட்டு வாங்கும் மீன்கள், வெக்கையில் கிடந்தால் பக்டீரியாவால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். உண்டான ஹிஸ்டமினைப் பொரித்தோ குழம்பு வைத்தோ பிரீசரில் போட்டோ அழிக்க முடியாது. சாப்பிட்டுச் சில நிமிடத்திலிருந்து ஓரிரண்டு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை இடிக்கும். "எனக்கு மீன் அலர்ஜி" என்று பலர் நினைத்துக்கொள்வது சில வேளை இதுவாக இருக்கும். பேலியகொடையில் விடிய வாங்கிய மீனை வானின் பின்சீற்றில் வைத்துக்கொண்டு, வழியில் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்குவதுதான் பிழை. ஒரு சின்ன ஐஸ் பெட்டியைக் கொண்டுபோங்கள். வீட்டுக்கு வந்ததும் கழுவி வெட்டி, ஒரு வேளைக்கு ஒரு பொதி என்று பிரித்து, தட்டையாகப் பரப்பி பிரீசரில் வையுங்கள். தட்டையான பொதி சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும். உருக்குவதற்கு முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். குசினி மேசையில் காலையிலிருந்து பகல் வரை வைத்து உருக்குவது வேண்டாம்.

சோறும் இப்படியே. வெந்த சோற்றிலும் தப்பிப் பிழைக்கும் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியா, இரவு முழுக்க மேசையில் கிடக்கும் பானைக்குள் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள், நல்ல வெக்கையான நாளில் ஒரு மணித்தியாலத்துக்குள், உள்ளே வையுங்கள். "சுடச்சுட வைச்சா பிரிட்ஜ் பழுதாகும்" என்று அம்மாமார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது: ஆவி பறக்கும் பெரிய சட்டி, உள்ளே இருக்கும் மற்றச் சாப்பாட்டையும் சூடாக்கிவிடும். அதற்காக இரவு பத்து மணி வரை மேசையில் ஆற விடவும் தேவையில்லை. அகலமான தட்டில் பரப்பி, அல்லது சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, ஆவி அடங்கியதும் மூடி வையுங்கள்.

பொதுவாகச் சமைத்த கறிகள் மூன்று, நான்கு நாள் தாங்கும். தேங்காய்ப்பால் விட்ட சொதியை அடுத்த நாளே முடித்துவிடுவது என் வழக்கம். திருவிய தேங்காய்ப்பூவைச் சின்னப் பொதிகளாக பிரீசரில் வைக்கலாம். சம்பலுக்குக் கொஞ்சம் ருசி குறைந்தாலும் கறிக்குத் தெரியாது. வாழைப்பழம், வெங்காயம், உருளைக்கிழங்கு வெளியே இருக்கட்டும். கருவாடும் மாசியும் இறுக்கமான போத்தலில் இல்லாவிட்டால் பட்டரும் மாசி மணக்கும். டூரியன் பருவத்தில் அந்தப் பழத்தை உள்ளே வைப்பவர்களுக்கு என்னிடம் யோசனை ஏதும் இல்லை.

இன்சுலின் போடுபவர் வீட்டில் இருந்தால், திறக்காத மருந்தை 2 முதல் 8 பாகைக்குள், நடுத்தட்டில், பெட்டியோடு வையுங்கள். கதவிலும் வேண்டாம், பின்சுவரை முட்டியும் வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பாவிக்கக் கூடாது.

கரண்ட் போனால்

2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்து முழு நாடுமே பல மணித்தியாலம் இருண்டது. இந்த ஊரில் இதற்கு ஆயத்தமாகத்தான் இருக்க வேண்டும்.

கதவைத் திறக்காவிட்டால் கீழ்ப்பெட்டி ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் குளிர் தாங்கும். நிறைந்த பிரீசர் 48 மணித்தியாலமும், பாதி நிறைந்தது 24 மணித்தியாலமும் தாங்கும். பிரீசரில் காலி இடம் இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களை முக்கால்வாசி நிரப்பி உறைய வையுங்கள். வெட்டு நீண்டால் அவற்றில் இரண்டைக் கீழே இறக்கி, பாலுக்கும் மீனுக்கும் பக்கத்தில் வைக்கலாம்.

ஊருக்குப் போய்வரும் வீடுகளுக்கு ஒரு உத்தி: ஒரு கோப்பைத் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் பயமில்லை. ஐஸுக்குள் அடியில் கிடந்தால் நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது. அந்த மீனைச் சமைக்க வேண்டாம்.

கரண்ட் வந்த பிறகு தேர்மோமீற்றரைப் பாருங்கள். 4 பாகைக்கு மேல் இரண்டு மணித்தியாலத்துக்குக் கூடுதலாக இருந்த மீன், இறைச்சி, பால், சொதி, சோறு, முட்டைக் கறி எல்லாம் குப்பைக்கு. பட்டர், ஜாம், ஊறுகாய், அச்சாறு பிழைக்கும். பிரீசரில் இன்னும் ஐஸ் துகள் தெரிகிற பொதியைத் திரும்ப உறைய வைக்கலாம். ருசி கொஞ்சம் குறையும். மணந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், நஞ்சு பல வேளை மணக்காது.

பின்தட்டும் டெங்கும்

நோ-பிரொஸ்ட் பிரிட்ஜில் உள்ளே உருகும் ஐஸ் ஒரு குழாய் வழியாக வந்து, பின்னால் கம்ப்ரசருக்கு மேலே உள்ள தட்டில் விழும். கம்ப்ரசர் சூட்டில் அது ஆவியாகிவிடும் என்பது கணக்கு. கொழும்பின் ஈரக்காற்றில் கதவை அடிக்கடி திறக்கும் வீட்டில் அது ஆவியாகும் வேகத்தைவிடச் சேரும் வேகம் கூடும். ஒரு நாள் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் குனிந்து பாருங்கள். கறுத்த தட்டில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர், அதில் தலைகீழாகத் தொங்கி நெளியும் சின்னப் புழுக்கள் தெரிந்தால், அவை நுளம்புக் குடம்பிகள். டெங்கு நுளம்பு விரும்புவது இப்படி வீட்டுக்குள் நிழலில் தேங்கிய தண்ணீரைத்தான். சுகாதாரப் பரிசோதகர்கள் வீட்டுக்கு வந்தால் பூச்சாடியோடு சேர்த்து இந்தத் தட்டையும் கேட்பது அதனால்தான். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி இடத்துக்குரியவர்தான் பொறுப்பு. 2017 இல் மட்டும் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது.

வாரம் ஒருமுறை, பிளக்கைக் கழற்றி, கம்ப்ரசர் ஆறிய பிறகு தட்டை எடுத்துத் தண்ணீரை ஊற்றுங்கள். ஊற்றினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். தட்டு கழராத மாதிரி என்றால் பழந்துணியால் ஒற்றி எடுத்து, ஓரங்களைத் தேய்த்துத் துடையுங்கள்.

பழுது பார்க்கும் வரிசை

எதைத் தொட முன்னரும் பிளக்கைக் கழற்றுங்கள். பின்மூடியைத் திறந்து உள்ளே வேலை செய்வது உங்கள் வேலை அல்ல; கீழே சொல்வதெல்லாம் வெளியிலிருந்து பார்க்கக் கூடியவை.

1. ஒன்றுமே வேலை செய்யவில்லை, உள் லைட்டும் எரியவில்லை. அதே பேஸில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். அது எரியாவிட்டால் பிரச்சினை பேஸிலோ வயரிங்கிலோ. எரிந்தால் பிளக் பியூஸைப் பாருங்கள், டயல் பூச்சியத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். வோல்டேஜ் காட் தாமதத்தில் நிற்கும்போதும் இப்படித்தான் இருக்கும்; ஐந்து நிமிடம் பொறுங்கள்.

2. லைட் எரிகிறது; சில நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் "டிக்" என்று சத்தம், பிறகு மௌனம். கம்ப்ரசர் கிளம்பப் பார்த்து முடியாமல் நிற்கிறது. மாலை நேரத்தில் மட்டும் என்றால் வோல்ட் குறைவாக இருக்கலாம். மின்சார அலுவலகத்துக்கு முறைப்பாடு செய்யுங்கள். எல்லா நேரமும் என்றால் கம்ப்ரசரில் பொருத்தியிருக்கும் ரிலே (அதைக் கிளப்பிவிடுவது) அல்லது ஓவர்லோட் (சூடேறினால் நிறுத்துவது) போயிருக்கலாம். அவை சின்னச் சாமான்கள், விலை குறைவு. "கம்ப்ரசர் அவுட்" என்று சொன்னால், ரிலேயை மாற்றிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அதுவரைக்கும் நிறுத்தி வையுங்கள்; தட்டுத் தடுமாறி ஓடவிட்டால் மோட்டார் எரியும்.

3. கதவு. கடதாசித் துண்டொன்றைக் கதவுக்கும் உடலுக்கும் நடுவே வைத்துச் சாத்தி, மெல்ல இழுங்கள். பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் இறுகவில்லை. நான்கு பக்கமும், முக்கியமாகப் பிணைச்சல் பக்கம், இப்படிப் பாருங்கள். பல வேளை மடிப்புக்குள் சீனிப்பாணியும் கறுப்புப் பூஞ்சையும்தான் இருக்கும். சவர்க்காரம் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் பல் பிரஷ்ஷால் மடிப்பைக் கழுவித் துடையுங்கள். வளைந்திருந்தால் ஹெயார் டிரையரால் தூரத்தில் பிடித்துச் சூடாக்கி, கையால் நீட்டி, கதவைச் சாத்தி வையுங்கள். கிழிந்திருந்தால் மாற்றுங்கள், புறக்கோட்டையில் மாதிரி இலக்கத்தையும் அளவையும் கொடுத்து வாங்கலாம்.

4. தூசி. பின்பக்கக் குழாய் வெளியே தெரியும் மாதிரிகளில் நீள் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். ரோட்டுப் பக்க வீடென்றால் இன்னும் அடிக்கடி.

5. பிரீசர் குளிர்கிறது, கீழே வெக்கை. இதுதான் "காஸ் முடிஞ்சுது" என்று பிழையாகத் தீர்ப்பு எழுதப்படுகிற இடம். நோ-பிரொஸ்டில் பிரீசர் பின்சுவருக்குப் பின்னால்தான் குளிர்ச் சுருள் இருக்கிறது. அதில் படியும் ஐஸை ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்கும். ஹீட்டர், சென்சர் அல்லது டைமர் கெட்டால் ஐஸ் சுவர்போல் இறுகி, காற்று கீழே வராது. சோதனை எளிது: சாப்பாட்டை ஐஸ் பெட்டிக்கு மாற்றி, பிளக்கைக் கழற்றி, இரண்டு கதவையும் திறந்து, கீழே பழந்துணி விரித்து, முழுதாக ஒரு நாள் விடுங்கள். பிறகு போட்டதும் கீழ்ப்பெட்டி நன்றாகக் குளிர்ந்து, ஓரிரு வாரத்தில் மறுபடி வெக்கையானால் காஸ் சரி, ஐஸ் உருக்கும் பகுதிதான் பழுது. டெக்னீஷியனிடம் இதை இப்படியே சொல்லுங்கள், பேச்சே மாறும்.

6. ஒற்றைக் கதவு மாதிரியில் பிரீசர் முழுக்க ஐஸ். அரைச் சென்ரிமீற்றர் தடித்ததும் உருக்குங்கள். கத்தி, கரண்டிக் காம்பு எதுவும் வேண்டாம். தகட்டுக்குக் கீழே காஸ் குழாய். ஒரு குத்து விழுந்தால் பிரிட்ஜின் கதை முடியும். உள்ளே ஒரு சட்டி சுடுதண்ணீர் வைத்து மூடினால் ஐஸ் தானாகப் பெயரும்.

7. மரக்கறித் தட்டுக்கு அடியில் தண்ணீர். பின்சுவரின் அடியில் உள்ள சின்ன ஓட்டை அடைபட்டிருக்கும். கறிவேப்பிலையும் கீரைத் துண்டும்தான் வழமையான குற்றவாளிகள். வெதுவெதுப்பான தண்ணீரைச் சின்ன ஊசிப்போத்தலால் அடித்து, பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாயால் மெல்லக் குத்திவிடுங்கள். கம்பி வேண்டாம்.

8. கதவின் வெளியே வியர்வை. மழைக் காலத்தில் ஈரம் கூடும்போது கொஞ்சம் வியர்ப்பது பழுதல்ல; துடைத்துவிடுங்கள். எப்போதும் வழிந்தால் மூன்றாம் இலக்கத்துக்குத் திரும்பிப் போய் ரப்பரைப் பாருங்கள்.

9. பிரிட்ஜைப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. போட்ட உடனே என்றால் கம்ப்ரசர் அல்லது வயர். சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்றால் ஐஸ் உருக்கும் ஹீட்டரில் ஈரம் புகுந்திருக்கக் கூடும். எதுவானாலும் ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து நேரே இணைத்துத் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்புங்கள்.

10. இவை எல்லாம் சரி. கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது, மேலேயும் குளிரில்லை, கீழேயும் குளிரில்லை. இப்போதுதான் காஸ் ஒழுக்கைச் சந்தேகிக்கலாம்.

காஸ் வேலை செய்விக்கும்போது

பின்பக்கத் தகட்டில் எந்தக் காஸ் என்று அச்சடித்திருக்கும். ஆர் 134ஏ தீப்பற்றாது. ஆர் 600ஏ என்றால் அது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் வகை. மஞ்சள் முக்கோணத்துக்குள் சுவாலைப் படம் ஒட்டியிருப்பார்கள். 600ஏ பிரிட்ஜுக்குள் 134ஏ போட்டுத் தருகிறேன் என்றாலும், பழைய 134ஏ பிரிட்ஜுக்குள் 600ஏ போடுகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். குழாயில் குத்து விழுந்து உஸ் என்று கேட்டால் யன்னல்களைத் திறந்து, அடுப்பை நிறுத்தி, அந்த அறையில் எந்தச் சுவிட்சையும் போடாமலும் நிறுத்தாமலும் வெளியே வாருங்கள்.

வேலைக்கு வருபவரிடம் நான்கு கேள்வி: ஒழுக்கு எங்கே என்று காட்டுவீர்களா? குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வக்கியூம் பம்ப் கொண்டு வந்திருக்கிறீர்களா? பில்டரை மாற்றுவீர்களா? காஸைத் தராசில் நிறுத்துப் போடுவீர்களா? நாலுக்கும் ஓம் என்பவர் வேலை தெரிந்தவர். 600ஏ பிரிட்ஜில் காஸை முழுதாக வெளியேற்றாமல் சுவாலை வைத்து ஒட்ட விடாதீர்கள். அதையும் குசினிக்குள் செய்ய விடாமல், காற்றோட்டமான வெளியில் செய்விக்கலாம். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்குங்கள், எழுத்தில் பில் கேளுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் இழுத்தடித்தால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

வெள்ளத்தில் நின்ற பிரிட்ஜ்

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் பல வீடுகளில் பிரிட்ஜ் மிதந்தது. கம்ப்ரசர் அளவுக்குத் தண்ணீர் ஏறிய பிரிட்ஜை, வெளியே உலர்ந்திருந்தாலும், பிளக்கில் செருகிப் பார்க்காதீர்கள். டெக்னீஷியன் கழற்றி உலர்த்திச் சோதித்த பிறகே போடலாம். கதவுச் சுவருக்குள் இருக்கும் நுரை அழுக்குத் தண்ணீரை உறிஞ்சியிருந்தால் நாற்றமும் பூஞ்சையும் போகாது; அதற்குமேல் அதில் காசு போடுவது வீண். உள்ளே இருந்த சாப்பாடு, மூடிய பெட்டியில் இருந்தாலும், வேண்டாம்.

கழிக்கும் நேரம்

கம்ப்ரசரோ, சுவருக்குள் ஒளிந்த குழாயோ போய்விட்டது, பிரிட்ஜுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது, திருத்தும் செலவு புதியதன் பாதி விலையைத் தொடுகிறது என்றால் நான் திருத்த மாட்டேன். புதிய இன்வெர்ட்டர் மாதிரி பெரும்பாலும் கரண்டும் குறைவாக எடுக்கும். இங்கே பாவிக்கும் யூனிட் கூடக்கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறுவதால் மாதம் பத்து இருபது யூனிட் குறைந்தாலே ஒரு படி கீழே இறங்க முடியும்.

பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கும்போது, வாசலில் வைத்தே குழாயை வெட்ட விடாதீர்கள். மாடிப்படி அடியிலோ மதில் ஓரத்திலோ எடுத்துப் போகும்வரை வைப்பதானால், கதவைக் கழற்றி வேறாக வையுங்கள். ஒளித்துப் பிடித்து விளையாடும் பிள்ளை உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டால், வெளியே சத்தம் கேட்காது. பிணைச்சலில் இரண்டு மூன்று போல்ட்தான் இருக்கும், பத்து நிமிட வேலை.